ஆறு மணிச் செய்தி

1948 ஜனவரி 30. தில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த காந்தி மாலை 5.17க்குச் சுடப்பட்டார். ஆறு மணிக்கு அகில இந்திய வானொலி செய்தியைச் சொல்லிவிட்டது. இடையில் 43 நிமிடம்தான். இறந்தார் என்பதோடு நிற்கவில்லை. சுட்டவன் ஒரு இந்து என்பதையும் சேர்த்துச் சொன்னது. பிரிவினையின் ரத்தம் காயாத நாட்கள் அவை. சுட்டவன் யார் என்று சொல்லாமல் விட்டிருந்தால் அன்றிரவு என்னென்ன வதந்தி பரவியிருக்கும், எத்தனை வீடு எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் சரியான நேரத்தில்.

1984 அக்டோபர் 31. அதே தில்லி, அதே வானொலி. காலை 9.20 அளவில் இந்திரா காந்தி தன் வீட்டு வளாகத்திலேயே மெய்க்காவலர்களால் சுடப்பட்டார். சுடப்பட்ட தகவல் பகலில் வானொலியில் வந்தது. இறந்துவிட்டார் என்பது? அதற்கு மாலை ஆறு மணி ஆயிற்று. தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் அந்தச் செய்தியை வாசித்ததும் மாலைக்கு மேல்தான். அதற்குள் லண்டனிலிருந்து பிபிசி சொல்லி முடித்திருந்தது. அப்போது மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே என்ன நடந்தது என்று அறிந்துகொள்ள டிரான்சிஸ்டரில் பிபிசியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிரதமரின் மகனுக்கு, ஆளும் கட்சியின் பொதுச்செயலாளருக்கு, தன் நாட்டு வானொலி போதவில்லை.

இரண்டு கொலை, இரண்டு ஆறு மணி. நடுவில் 36 ஆண்டுகள். இந்த இடைவெளியில் டிரான்சிஸ்டர் வந்தது, டிவி வந்தது, செயற்கைக்கோள் வந்தது. கருவிகள் எல்லாம் வேகம் கூடின. செய்தி மட்டும் 43 நிமிடத்திலிருந்து எட்டு மணி நேரம் நாற்பது நிமிடத்துக்குப் போனது எப்படி?

நேரடியான பதில் ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் வெளிநாட்டில் இருந்தார். ராஜீவ் வங்கத்தில். அடுத்த பிரதமர் யார் என்று முடிவாகும்வரை மரணத்தை அறிவிக்க அரசு தயாராக இல்லை. ஆக அன்று வானொலி காத்திருந்தது செய்திக்காக அல்ல, அனுமதிக்காக. எனக்கு வானொலியின் வரலாற்றில் பிடித்த கேள்வி இதுதான்: ஒரு செய்தி நம்மிடம் வந்து சேர்வதற்கு முன்னால் எத்தனை கதவுகளைத் தாண்டுகிறது, அந்தக் கதவுகளின் சாவி யாரிடம் இருக்கிறது? பத்திரிகை, வானொலி, டிவி, இணையம் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

*

தமிழில் வானொலி செய்திக்காகப் பிறக்கவில்லை. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் தொடங்கிய மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் ஆர்வலர்களின் சங்கம். காசில்லாமல் சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தன. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். காற்று வாங்க வந்தவர்கள் சங்கீதம் கேட்டுவிட்டுப் போனார்கள். 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் வந்தன.

செய்தியை வானொலியின் மையத்துக்குக் கொண்டுவந்தது யுத்தம். 1941 மே மாதம் பிபிசி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குத் தமிழர்கள்மேல் திடீர்ப் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை, போர் நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்து வானொலி, முதலில் ஜெர்மனியிலிருந்தும் பிறகு தென்கிழக்காசியாவிலிருந்தும், தமிழிலும் பேசியது. ஆக தமிழ்க் காதுகளுக்குக் கிடைத்த முதல் சர்வதேச வானொலிச் செய்திகள் இரண்டு எதிரி முகாம்களிலிருந்து வந்தவை. ஒரே போரை ஒருவன் வெற்றி என்பான், இன்னொருவன் தோல்வி என்பான். செய்தி என்றால் யாரோ ஒருவர் சொல்வது, சொல்பவருக்கு ஒரு பக்கம் உண்டு என்ற பாடம் தமிழனுக்கு அப்போதே கிடைத்துவிட்டது.

அந்த பிபிசி சேவைக்கு 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் இலங்கைக்காரர் சோ. சிவபாதசுந்தரம். 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு புத்தகமே எழுதியவர். எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது தமிழ் தேவை என்பது வானொலிக்காரர்களுக்குத்தான் முதலில் உறைத்தது. காரணம் எளிது. பேப்பரில் ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் திரும்ப வாசிக்கலாம். ரேடியோவில் போனது போனதுதான். எழுவாய் ஒரு மூலையிலும் பயனிலை இன்னொரு மூலையிலும் இருந்தால் கேட்பவர் நடுவழியில் தொலைந்துபோவார்.

1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலையடைந்த செய்தியை தில்லியிலிருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன், பிற்காலத்தில் நாம் சினிமாவில் பார்த்த அதே பூர்ணம். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு 18 சதவீதம்தான். நூற்றில் எண்பது பேருக்கு மேல் பேப்பரைத் தானாக வாசிக்க முடியாது. டீக்கடையில் ஒருத்தர் தினத்தந்தியை உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது நம் ஊர் வழக்கம். பேப்பரையே ரேடியோவாக மாற்றிக்கொண்ட சமூகம் இது. அதனால் பஞ்சாயத்து ரேடியோ பூங்காவில் முழங்க ஆரம்பித்தபோது யாருக்கும் அது அந்நியமாகத் தெரியவில்லை. வாசிக்கிற ஆள் மட்டும் தில்லிக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

*

எங்கள் வீட்டில் தாத்தா காலை 7.15 செய்திக்கு யாரையும் பேச விடமாட்டார். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி" என்று அந்தக் கணீர்க் குரல் வந்ததும் அடுக்களையில் பாத்திரச் சத்தம்கூடக் குறைய வேண்டும். மாலை 6.30க்கு மாநிலச் செய்தி. இரவு 9.15க்கு முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே தமிழோசையைப் பிடிப்பார். இதற்கெல்லாம் மேல், காலையில் டீக்கடைக்குப் போய் தந்தியும் படிப்பார். ஒரே செய்தியை எதற்கு நாலு தடவை என்று ஒருநாள் கேட்டேன்.

"சர்க்கார் என்ன சொல்லுதுன்னு ரேடியோவுல கேக்கணும்டா. என்ன சொல்லலைன்னு பிபிசில கேக்கணும். ஊர்ல என்ன பேசிக்கிறாங்கன்னா அதுக்குத் தந்தி."

ஊடக ஆய்வு என்ற பெயரில் நான் பிற்பாடு படித்த எதுவும் இந்த மூன்று வாக்கியத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை. அவர் ஒவ்வொரு ஊடகத்தின் கதவும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தார்.

அந்தக் கதவு எப்படி வேலை செய்யும் என்பதற்கு 1975 ஜூன் 25 இரவு நல்ல உதாரணம். நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்தாயிற்று. தில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாஃபர் மார்க் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். பல பத்திரிகைகள் மறுநாள் வெளிவரவில்லை. காலையில் இந்திரா காந்தி அகில இந்திய வானொலியில் பேசினார். பேப்பரை நிறுத்த ஒரு ஃபியூஸைப் பிடுங்கினால் போதும். வானொலியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கனவே அது அரசின் கையில்தான். 'ஆல் இந்திரா ரேடியோ' என்று ஜனங்கள் கேலி பேசியது சும்மா இல்லை.

ஆனால் அதே நெருக்கடி நிலைக் காலத்தில்தான் பிபிசி கேட்பது பலருக்கு அன்றாடப் பழக்கமானது. அதன் தில்லி நிருபர் மார்க் டல்லி நாட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. நிருபரை அனுப்பிவிடலாம், அலையை எப்படி அனுப்புவது? இங்கே கொஞ்சம் இயற்பியல் பேச வேண்டும். பண்பலை, அதாவது எஃப்எம், பெரும்பாலும் கோபுரத்தின் கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். மத்திய அலை தரையை ஒட்டி சில நூறு கிலோமீட்டர் போகும். சிற்றலை மேலே போய் வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வரும், மறுபடி மேலே போகும், மறுபடி திரும்பும். இப்படித் தத்தித் தத்திக் கண்டம் தாண்டிவிடும். ஒலிபரப்பும் கோபுரம் ஒரு நாட்டில், கேட்கிற காது இன்னொரு நாட்டில். நடுவில் இருக்கும் அரசால் முடிந்ததெல்லாம் அதே அலைவரிசையில் இரைச்சலைப் போட்டுக் கெடுப்பதுதான். அதுவும் செலவுள்ள வேலை, முழுசாகவும் வேலை செய்யாது.

*

இந்த இயற்பியல் ஒரு சமூகத்துக்கு உயிர்நாடியான இடம் யாழ்ப்பாணம். 1990களின் முதல் பாதியில் அங்கே பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. எரிபொருள் இல்லை. பேட்டரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். டிவி என்ற பெட்டி வீட்டு அலங்காரமாகிவிட்டது. நாளிதழ்கள் காகிதம் கிடைக்காமல் பள்ளிக் கொப்பித் தாளிலெல்லாம் அச்சாகின. அங்கே பேப்பர் நடத்துவதன் விலை என்ன என்பது வேறு கதை. 1981இல் யாழ் நூலகத்தை எரித்த அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகத்தையும் எரித்தார்கள். 2006 மே 2 அன்று 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் செத்தார்கள்.

பேட்டரி இல்லாத ஊரில் ரேடியோவை எப்படிக் கேட்டார்கள்? சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, பின்சக்கரத்தில் உரசும் டைனமோவிலிருந்து வயரை ரேடியோவுக்கு இழுத்தார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். குரல் மங்கி, இழுத்து, மறுபடி ஆள் மாறிச் சுற்றியதும் நிமிரும். செய்தி என்பது வியர்வை சிந்திச் சம்பாதிக்கும் பொருளாக இருந்தது. இன்று கட்டைவிரலால் ஒரு நிமிடத்தில் நாற்பது செய்தியைத் தள்ளிவிடும் நமக்கு இது புரியக் கொஞ்சம் கஷ்டம்.

அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்து பின்னர் சென்னைக்கு வந்த ஒரு பெரியவரிடம் எந்த ஸ்டேசனைக் கேட்பீர்கள் என்று விசாரித்திருக்கிறேன். "ஒண்டைக் கேட்டு என்ன செய்யிறது தம்பி? கொழும்பு றேடியோ, புலிகளின்ர குரல், பிபிசி, பிறகு வெரித்தாஸ். எல்லாத்தையும் கேட்டு, கூட்டிக் கழிச்சுப் பாத்தாத்தான் என்ன நடந்ததெண்டு விளங்கும்" என்றார். கொழும்பு நிலையம் அரசின் வாய். 1990இல் தொடங்கிய புலிகளின் குரல் ஆயுதம் ஏந்திய ஓர் இயக்கத்தின் வாய். வெரித்தாஸ் மணிலாவிலிருந்து வந்த கத்தோலிக்க வானொலி. தமிழோசை லண்டனில் ஒரு கட்டடம். எதுவும் பக்கமற்றதில்லை. ஆனால் ஷெல் எங்கே விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று முடிவெடுக்க முடியும். பொய்களை ஒன்றோடொன்று உரசி அதிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் எடுத்தார்கள், டைனமோ மாதிரியே.

வானொலிக்கும் ஓர் உடம்பு உண்டு, அந்த உடம்பு தொலைவில் இருந்தால்தான் தப்பிக்கும் என்பதையும் அந்தப் போர் காட்டியது. 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின்மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. அறிவிப்பாளர் இசைவிழி உட்பட ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். பிரசாரம் செய்யும் வானொலிதான் என்றாலும் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சிப்பாய் ஆகிவிடுவதில்லை என்று பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன.

2009 பிப்ரவரி. வன்னியில் மக்கள் ஒரு துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்டிருந்த நேரம். பிபிசியின் தமிழ், சிங்கள நிகழ்ச்சிகளை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் எஃப்எம் கோபுரங்கள் வழியாக மறு ஒலிபரப்பு செய்துவந்தது. அந்த மறு ஒலிபரப்பில் செய்திகள் தொடர்ந்து வெட்டப்பட்டதால் பிபிசி அந்த ஏற்பாட்டையே நிறுத்திக்கொண்டது. சிற்றலையில் மட்டும் தொடர்ந்தது. எஃப்எம்மில் ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் உள்ளூர்க் கோபுரம் வேண்டும். கோபுரம் இருந்தால் அதற்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு காவல்காரர். சிற்றலை கரகரக்கும், ஆனால் கதவு இல்லை. ஒரு செய்தியின் தெளிவும் அதன் சுதந்திரமும் இப்படி ஒன்றுக்கொன்று விலையாக நிற்கும் இடத்தை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

*

வானொலியைப் புனிதமாக்கவும் கூடாது. 1994இல் ருவாண்டாவில் ஆர்டிஎல்எம் என்ற தனியார் வானொலி துட்ஸி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைத்தது. யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்றும் அறிவித்தது. அதை நடத்தியவர்கள் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் தண்டனை பெற்றார்கள். 1948இல் சுட்டவன் யார் என்று சொன்ன ஒரு வாக்கியம் உயிர்களைக் காத்தது. 1984இல் சுட்டவர்கள் சீக்கியர்கள் என்ற தகவலும், தூர்தர்ஷன் நேரலையில் கேட்ட கூட்டத்தின் பழிவாங்கும் கோஷமும் தில்லித் தெருக்களில் என்ன செய்தன என்பது நமக்குத் தெரியும். குரலுக்கு இருக்கும் நெருக்கமே அதன் ஆபத்து. பேப்பர் தள்ளி நின்று பேசும். டிவி காட்டும். ரேடியோ காதுக்குள் வந்து சொல்லும்.

ஆனால் ரேடியோச் செய்தியில் ஒரு நாணயம் இருந்தது என்று எனக்குத் தோன்றும். தில்லிச் செய்தி ஒரு பெயரோடுதான் ஆரம்பிக்கும். வாசிப்பது இன்னார். பத்து நிமிடம், அதற்குள் எது முதலில், எது கடைசியில் என்று யாரோ ஒருவர் பொறுப்பேற்று முடிவு செய்திருக்கிறார். தவறு என்றால் கேட்க ஒரு முகவரி இருந்தது. இன்று குடும்ப வாட்ஸப் குழுவில் வரும் ஆடியோவிலும் குரல் இருக்கிறது. 'அவசரம், எல்லாருக்கும் அனுப்புங்க' என்று பதறும். யாருடையது என்று மட்டும் தெரியாது. வானொலியின் நெருக்கத்தை எடுத்துக்கொண்டு பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டோம்.

*

இதெல்லாம் பழங்கதைதானே என்று கேட்கலாம். 2018 மே 22 தூத்துக்குடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. 13 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தார்கள். 1975இல் ஃபியூஸைப் பிடுங்கியது மாதிரியேதான், கம்பி மட்டும் வேறு. இணையம் இல்லாத அந்த நாட்களில் ஒருவர் ரேடியோவைத் திருப்பியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு அதற்கு ஓராண்டு முன்னால், 2017 ஏப்ரல் 30 அன்று, 76 ஆண்டுகளுக்குப் பிறகு நின்றுபோயிருந்தது. தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது விதி. மிஞ்சியது ஒன்றே ஒன்று, அரசின் வானொலி.

அந்த விதி இன்னும் பலருக்குத் தெரியாது. இந்தியாவில் யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கி 24 மணி நேரச் செய்தி சானல் நடத்தலாம். நாளிதழ் நடத்தலாம். யூட்யூபில் செய்தி வாசிக்கலாம். தனியார் வானொலி மட்டும் தன் சொந்தச் செய்தியை ஒலிபரப்ப முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம். வானிலை, போக்குவரத்து, விளையாட்டு, இயற்கைப் பேரிடர் அறிவிப்பு ஆகியவை செய்தி ஆகாது என்று விலக்கு உண்டு. சமூக வானொலிகளுக்கும் இதே கட்டுதான். பாம்பன் மீனவர்களுக்கென்று 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' காற்றைப் பற்றியும் அலையைப் பற்றியும் பேசலாம், நாட்டு நடப்பைப் பற்றிச் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. தனியார் எஃப்எம்முக்கு மணிக்கு 10 நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று 2023இல் டிராய் பரிந்துரைத்தது. பாதுகாப்புக் காரணம் என்பது தடைக்கு அரசு வழக்கமாகச் சொல்லும் நியாயம். டிவிக்கும் இணையத்துக்கும் பொருந்தாத பாதுகாப்பு ரேடியோவுக்கு மட்டும் ஏன்? எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். ரேடியோ மலிவு. படிக்கத் தெரியாதவரும், டேட்டா பேக் போட முடியாதவரும், வயலில் இருப்பவரும், படகில் இருப்பவரும் கேட்பது அது.

உலகம் இதை மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையமும் தொலைபேசியும் அணைக்கப்பட்டபோது பிபிசி தன் இந்திச் சிற்றலை நேரத்தைக் கூட்டியது, உருதுவிலும் சேர்த்தது. 2022 மார்ச்சில் உக்ரைனுக்காக, காலாவதி என்று எல்லாரும் நினைத்த சிற்றலையை மறுபடி திறந்தது. கம்பி அறுந்த இடத்தில் எல்லாரும் திரும்பிப் போவது அங்கேதான்.

பேப்பர் போய் ரேடியோ, ரேடியோ போய் டிவி, டிவி போய் இணையம் என்று ஊடக வரலாற்றை ஒரு ரிலே ஓட்டமாகச் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் அடைபடக்கூடிய குழாய். ஒன்று அடைபடும்போது இன்னொன்றில் தண்ணீர் வர வேண்டும் என்பதற்காகத்தான் எல்லாம் இருக்க வேண்டும். நாம் ஒரே குழாயை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் வேகத்தைப் பார்த்துப் பூரித்துப்போயிருக்கிறோம். வேகம் பெரிய விஷயம் இல்லை. 1948இல் வால்வு ரேடியோவை வைத்துக்கொண்டே 43 நிமிடத்தில் உண்மையைச் சொல்ல முடிந்தது.